நாகரிகம் என்னும் நுகத்தடி

காட்டுமிராண்டிகளாய்த் திரிந்த பண்டைய பிரிட்டானியருக்கு ரோமர் நாகரிகம் கற்பித்தனர் என்று எழுதுவோர் இன்றும் உளர். சாலை அமைத்தனர், நீராடு மண்டபம் கட்டினர், சட்டம் தந்தனர் என அவர்கள் அடுக்குகின்றனர். சாலைகளையும் மண்டபங்களையும் நாம் மறுக்கவில்லை. அவை எவ்வழியில் வந்தன, என்ன விலைக்கு வந்தன என்பவற்றை மறைத்துவிட்டுப் புகழ் பாடுவதையே மறுக்கின்றோம்.

ரோமர் அத்தீவை ஒரே வீச்சில் வென்றவர் அல்லர். கி.மு. 55இல் கடல் கடந்து வந்த ஜூலியஸ் சீசர் நிலைக்க இயலாது திரும்பினான். மறு ஆண்டு பெரும்படையுடன் மீண்டும் வந்தான். அப்போது அவனுக்குக் கதவு திறந்தது எது? பிரிட்டானியரின் உட்பகையே! காசிவெல்லானஸ் என்னும் தலைவனிடம் தந்தையைப் பறிகொடுத்த மண்டுபிராக்கியஸ், முன்னரே சீசரிடம் அடைக்கலம் புகுந்திருந்தான். அவனுடைய குலத்தார் சீசரின் படைக்குத் தானியம் தந்தனர். பணிந்து வந்த பிற குலத்தார் வாயிலாகவே காசிவெல்லானஸின் அரண் இருக்குமிடம் சீசருக்குத் தெரிந்தது. அவன் திறை விதித்துவிட்டுத் திரும்பினான்.

அதன்பின் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கு ரோமப் படை இல்லை. ஆயினும் ரோமரின் மது வந்தது. ரோம நாணயத்தின் சாயலில் சிற்றரசர் காசு அடித்தனர். தம்முள் பிணங்கியோர் ரோமாபுரிக்கே ஓடி முறையிட்டனர். அவ்வாறு ஓடிய வெரிக்கா என்னும் அரசனின் முறையீடே, கி.பி. 43இல் கிளாடியஸ் பேரரசன் படையனுப்பச் சாக்காயிற்று.

ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்ற வீரன் கேரடாக்கஸையும் கி.பி. 51இல் ரோமரிடம் பிடித்துக் கொடுத்தவள் பிரிட்டானிய அரசியான கார்ட்டிமாண்டுவாவே. நட்பை நாடிய குலங்களின் நிலையேனும் மேலானதா? தாமாகவே ரோமருடன் உறவு பூண்ட ஐசினி குலத்தாரிடமும் ஆயுதங்களைப் பறிக்க ஆளுநன் முனைந்தான். பின்னாளில் அக்குலத்து அரசன் பிரசுட்டாகஸ், தன் புதல்வியருடன் பேரரசனையும் வாரிசாக எழுதி வைத்தால் நாடு பிழைக்கும் என நம்பினான். அவன் கண்மூடியதும் நாடு சூறையாடப்பட்டது. மனைவி பௌடிக்கா கசையடி பட்டாள். புதல்வியர் மானம் இழந்தனர்.

இதனோடு வட்டியும் சேர்ந்தது. அறநெறி பேசிய தத்துவஞானி செனேக்கா நான்கு கோடி செஸ்டர்ஸ் நாணயங்களைப் பிரிட்டானியர்மீது கடனாகச் சுமத்தி, பின் அத்தனையையும் ஒருசேரத் திரும்பக் கேட்டான் என வரலாற்றாசிரியன் காசியஸ் தியோ எழுதுகிறான். வட்டியை மார்க்கம் ஏன் இத்துணைக் கடுமையாக விலக்கியது என வினவுவோர் இதனைச் சிந்திப்பாராக. கி.பி. 60-61இல் மூண்ட கிளர்ச்சியில் இலண்டன் உட்பட மூன்று நகரங்கள் எரிந்தன. இறுதியில் கிளர்ச்சியும் இரத்தத்தில் மூழ்கியது.

வாள் செய்து முடிக்காததைப் பள்ளிக்கூடம் செய்து முடித்தது. ஆளுநன் அக்ரிகோலா தலைவர்களின் மைந்தருக்கு ரோமக் கல்வி அளித்தான். இலத்தீனை வெறுத்தோர் அதில் நாவன்மை பெற விழைந்தனர். ரோமரின் மேலாடை பெருமையாயிற்று. நீராடு மண்டபமும் விருந்தும் இன்பமாயின. இவற்றை நாகரிகம் என்று அவர்கள் மகிழ்ந்தனர். உண்மையில் அவை அடிமைத்தனத்தின் ஒரு கூறே என்று எழுதியவன் ரோமரின் பகைவனல்லன். அந்த அக்ரிகோலாவின் மருமகன் டாசிட்டஸ்!

தோற்றவர் வென்றவரை உடையிலும் நடையிலும் பின்பற்றத் துடிப்பர் என்பதைப் பேரறிஞர் இப்னு கல்தூன் அவர்கள் தம் முகத்திமாவில் தனி அதிகாரமாகவே விளக்கினார்கள். வென்றவனிடம் ஏதோ நிறைவு இருப்பதாக எண்ணும் மயக்கமே அதற்குக் காரணம் என்றார்கள். பிரிட்டானியர் வரலாறு அதற்கு ஓர் உரை போல அமைந்திருக்கிறது.

வாள் வரவில்லை என்று நாம் கூறவில்லை. வாளுக்கு முன் உட்பகை வந்தது. வாளுடன் கடன் வந்தது. வாளுக்குப் பின் சுவை வந்தது. முதலாவதைத் தவிர்த்திருந்தால் மற்றவற்றுக்கு வழி அரிதாகியிருக்கும். நம் மாணவர்க்கு ரோமச் சாலைகளின் நேர்த்தியைக் கற்பிப்போம், தவறில்லை. அச்சாலைகளில் முதலில் நடந்தவை எவருடைய கால்கள் என்பதையும் சேர்த்தே கற்பிப்போம்.