திரும்பக் கூப்பிடுவீங்கதானே?

2020 ஜூலையில் சென்னை விமான நிலையத்தில் ஒரே பகலில் ஒன்பது பேரிடமிருந்து ஏர்போர்ட் பாஸைத் திரும்ப வாங்கினேன். நான் வேலை பார்த்த விமான நிறுவனத்தில் அப்போது ஷிப்ட் பொறுப்பாளர். எட்டு வருடம் செக்-இன் கவுண்டரில் நின்ற பெண் பாஸைக் கழற்றும்போது கயிறு கொண்டையில் மாட்டிக்கொண்டது. நான்தான் எடுத்துவிட்டேன். “மேடம், ஃபிளைட்டெல்லாம் பழையபடி ஓட ஆரம்பிச்சா திரும்பக் கூப்பிடுவீங்கதானே?” என்று கேட்டாள். “கண்டிப்பா” என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமே கிடையாது.

ஆட்குறைப்பே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. 2019-ல் உள்நாட்டு விமானங்களில் சுமார் 14.4 கோடிப் பேர் பறந்தார்கள், 2020-ல் 6.3 கோடி. பறக்காத விமானத்துக்கும் வாடகை கட்டியாக வேண்டும். நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோவே அந்த ஜூலையில் பத்து சதவீதம் பேரை அனுப்புவதாக அறிவித்தது. ஆனால் 2023-ல் பயணிகள் 15.2 கோடி. இந்தத் தொழிலில் விழுந்த கூட்டம் எழுந்துவிடும். அதனால் யாரை அனுப்பினோம் என்பதோடு நியாயம் முடிந்துவிடாது. கூட்டம் திரும்பியபோது யாரைக் கூப்பிட்டோம் என்பதையும் கேட்க வேண்டும்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1947-ம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டப்படி, ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் பொதுவாக முதலில் போக வேண்டியிருந்தது. பிறகு ஆள் எடுத்தால், அனுப்பப்பட்டவர்களுக்கே முன்னுரிமை இருந்தது. அதன் இடத்துக்கு 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, அந்த முன்னுரிமைக்கு ஓராண்டு எல்லை வைத்துவிட்டது. விமானத் துறை பழைய கணக்கைத் தாண்ட மூன்று ஆண்டுகள் ஆயின. ஓராண்டு முன்னுரிமையை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் போன்ற ஒருத்தி இனி என்ன செய்வாள்?

எல்லை இல்லாத பழைய முன்னுரிமையும் அந்தப் பெண்ணுக்கு வாய்க்காமல் செய்ய எளிய வழி ஒன்று இருந்தது. “நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா இருக்கும். அடுத்த வேலைக்கு நல்லது” என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஒன்பது பேரும் எழுதினார்கள். தானாக விலகியவர் சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்புக்கு ஆளானவர் இல்லை. முன்னுரிமையும் அவருக்கு இல்லை.

அமெரிக்காவில் 2020 அக்டோபரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சுமார் 19,000 பேரையும் யுனைடெட் சுமார் 13,000 பேரையும் வீட்டுக்கு அனுப்பின. டிசம்பரில் அரசு மறுபடி நிதி கொடுத்ததும் அவர்களைத் திரும்ப அழைத்தன. அங்கே தொழிற்சங்க ஒப்பந்தங்களில் பணிமூப்புப்படி திரும்ப அழைக்கும் வரிசை எழுதப்பட்டிருக்கிறது. யார் நினைவிலும் யார் தயவிலும் அது நிற்கவில்லை.

இங்கேயும் அது முடியாத காரியமில்லை. ஆட்குறைப்பை ஆட்குறைப்பு என்றே எழுதுங்கள், ராஜினாமா வாங்காதீர்கள். போனவர்களின் பெயர்களைப் பணிமூப்பு வரிசையில் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அந்தப் பட்டியல் மூன்று ஆண்டுகளாவது செல்லட்டும். பெட்டி ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளிகளையும் அதில் சேருங்கள். அன்று அவர்களிடம் யாரும் கடிதம்கூடக் கேட்கவில்லை; மறுநாள் வேலைக்குக் கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

2022 கடைசியில் எங்கள் கவுண்டருக்குப் புதிதாகப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பழைய முகம் ஒன்றுகூட இல்லை. மனிதவளப் பிரிவில் போய்க் கேட்டேன். “அவங்கதான் ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டாங்களே மேடம்” என்று பதில் வந்தது.

ஒன்பது கடிதங்களும் அவர்கள் கோப்பில் பத்திரமாக இருந்தன. எழுதி வாங்கியவள் நான்.