திரையும் செய்யுளும்

கைத்தொலைபேசியிலே நூல் வாசிக்கும் மாணவர் தொகை பெருகிவிட்டது. ஒரே இணையத்தளத்தை மேசைக் கணினியிற் காண்போரும் உள்ளங்கையளவான திரையிற் காண்போரும் உளர். இருசாராருக்கும் பொருந்துமாறு பக்கம் தன்னைத் தானே ஒழுங்குசெய்துகொள்ளும் முறைக்கு 2010 ஆம் ஆண்டிலே பெயரிட்டு விளக்கியவர் ஈதன் மார்க்கோட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர். பத்திகளின் அகலத்தை நிலையான அளவாலன்றி விகிதத்தால் அமைத்தல், படங்களை இடத்துக்கேற்பச் சுருங்கவிடல், திரையின் அகலத்தை அறிந்து அதற்குரிய விதியைக் கையாளுதல் ஆகிய மூன்றுமே அம்முறையின் அடிப்படை.

இதனால் விளைந்த நன்மை பெரிது. முன்னர்ப் பெருந்திரைக்கென ஒரு தளமும் சிறுதிரைக்கென வேறொரு தளமும் அமைத்தோர் பலர். ஒன்றிலே திருத்திய பிழை மற்றையதில் திருந்தாது நிற்றலும் உண்டு. இம்முறையிலோ ஒரே பக்கம், ஒரே முகவரி. எழுத்தைப் பெருப்பித்துப் பக்கத்தை இடமும் வலமும் இழுத்து வாசிக்கும் தொல்லையும் இல்லை. கணினி வாங்க வசதியற்ற மாணவனுக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை.

எனினும் குறைகளும் உள. பெருந்திரைக்குரிய படத்தையே கைத்தொலைபேசியும் தரவிறக்கிப் பின்னர்ச் சுருக்கிக் காட்டுமாயின், காசு கொடுத்துத் தரவு வாங்குவோனுக்கு அது வீண் செலவு. அளவுக்கேற்ற படத்தை அனுப்பும் வழி உண்டு. அமைப்போர் கவனமே வேண்டும்.

தமிழாசிரியரை வருத்துவது வேறொன்று. உரைநடை எவ்விடத்தில் மடங்கினும் பொருள் கெடாது. செய்யுள் அத்தகையதன்று. வெண்பாவின் ஈற்றடி முச்சீர், ஏனைய அடிகள் நாற்சீர் என வகுப்பிலே கற்பிக்கிறோம். ஒடுங்கிய திரையிலோ நான்காஞ்சீர் அடுத்த வரிக்குச் சென்று தனித்து நிற்கின்றது. அதனைத் தனிச்சொல் என மயங்கும் மாணவனைக் குறைகூறலாமா?

ஏட்டிலே அடி பிரியாது தொடர்ந்தோடிய செய்யுள்களை ஆராய்ந்து பகுத்து அச்சேற்றிய பெருமை நம் சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோருக்கு உரியது. 1887 இலே கலித்தொகை அவரால் அச்சுருப் பெற்றது. அத்தகையோர் பிரித்துத் தந்த அடியைத் திரை மீண்டும் குலைக்க விடலாகாது.

பரிகாரம் அரிதன்று. மடங்கிய பகுதியைச் சற்று உள்ளே தள்ளி அமைத்தால், அது முன்னடியின் தொடர்ச்சி என்பது விளங்கும். அச்சுக்கோப்போர் கையாண்ட பழைய வழிதான் அது. இணையப் பக்கத்துக்கும் சில வரி விதியே போதும். ஆகவே தளம் அமைப்போர் யாப்பறிந்தாரிடம் கேட்டு அமைப்பாராக. ஆசிரியரும் தாம் மாணவருக்குக் காட்டும் தளத்தைக் கைத்தொலைபேசியிலே ஒருமுறை திறந்து பார்த்து, குறை கண்டால் உரியவருக்கு எழுதுவாராக. மாணவன் கையிலுள்ள திரை சிறிதாயினும், அவன் கற்கும் வெண்பா வெண்பாவாகவே இருத்தல் வேண்டும்.