கணக்குப் புத்தகத்தின் நடுவரிகள்

வங்கிக்குச் சென்று மீளும் நம்மவர் தம் கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியை மாத்திரம் வாசித்து, அதனை மடித்து வைப்பது வழமையாகிவிட்டது. மீதி எவ்வளவு என்பதை அறிந்தாற் போதும் என்பது அவர்தம் எண்ணம். அம்மீதிக்கு மேலேயுள்ள வரிகளில், முன்னறிவித்தலின்றிக் கழிக்கப்பட்ட சிறு தொகைகள் நிரையாய் நிற்பதை அவர்கள் காண்பதில்லை, கண்டாலும் கேட்பதில்லை. "வங்கியல்லவா, பிழை விடுமா?" என்ற நம்பிக்கை ஒருபுறம், "இந்தச் சில்லறைக்காக யார் மினக்கெடுவது?" என்ற சலிப்பு மறுபுறம். பண்டத்தரிப்புச் சந்தையிலே கிலோவுக்கு ஐந்து ரூபா குறைத்துக் கேட்கும் வெங்காய வியாபாரியோடு அரைநாள் வாதிடும் கமக்காரர், வங்கி கழித்த ஐந்நூறு ரூபாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது வீடு திரும்புகிறார். இந்த மௌனத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகிறோம்.

வட்டி வேறு, கட்டணம் வேறு. கடன் கொடுத்தவர் வட்டி கேட்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், இன்று கடன் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வருபவை எத்தனை! பத்திரம் எழுதும் கட்டணம், காணி மதிப்பீட்டுக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம், கேளாமலே தலையிற் கட்டப்படும் காப்புறுதி, தவணை ஒருநாள் பிந்தினால் தண்டம், கடனை முன்கூட்டியே தீர்க்க முன்வந்தால் அதற்கும் ஒரு தண்டம்! பிந்தினாலும் குற்றம், முந்தினாலும் குற்றம். சேமிப்புக் கணக்கிலோ குறைந்த மீதிக்கு ஒரு கழிவு, காசு எடுக்கும் அட்டைக்கு ஒரு கழிவு, தொலைபேசியில் வரும் குறுஞ்செய்திக்கு ஒரு கழிவு. இவை யாவும் அநியாயம் என நாம் கூறவில்லை. செய்த வேலைக்கு முன்னரே கூறி வாங்கிய கூலி நியாயமானதே. கூறாமல் வாங்கியதும், செய்யாத வேலைக்கு வாங்கியதும், ஏற்பட்ட நட்டத்தைப் பன்மடங்கு மிஞ்சித் தண்டமாக வாங்கியதுமே எமது விவாதத்துக்குரியவை.

உதாரணம் ஒன்று கூறுவோம். கமக்காரர் ஒருவர் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் விதை வெங்காயத்துக்குமாக 500,000 ரூபா கடன்பெறுகிறார் என வைத்துக்கொள்வோம். கட்டணங்கள் கழிந்து அவர் கைக்கு வருவது 480,000 ரூபா. வட்டியோ முழு ஐந்து இலட்சத்துக்கும் ஓடுகிறது. அன்றியும், தவணை மாதந்தோறும் வருகிறது. தோட்டத்து வருமானமோ போகத்துக்குப் போகமே வருகிறது. சம்பளக்காரனின் காலண்டரை வைத்து வகுத்த திட்டத்தை, மழையையும் சந்தையையும் நம்பி வாழ்பவன்மீது ஏற்றினால் அவன் தவணை தவறாது என் செய்வான்? அவன் தவறுவான் என்பது கடன் கொடுத்தவருக்கும் தெரியும். தவறும்போதெல்லாம் தண்டம். தண்டத்தைக் கட்ட மனைவியின் சங்கிலி அடைவுக்குப் போகிறது. அடைவின் தவணை தப்பினால் ஏல விளம்பரம் வருகிறது. முதலிற் கழிந்த தொகை சிறிதேயெனினும் முடிவிற் போவது குடும்பத்தின் நகை.

2009 இல் யுத்தம் ஓய்ந்து நெடுஞ்சாலை திறந்த பின்னர் வடக்கே நிதிக் கம்பனிகள் அணியணியாய் வந்து கிளை திறந்தமையை அறியாதார் இலர். பல்லாண்டு இருட்டிற்குப் பின் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் கண்ட மக்கள் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டனர். நுண்கடன் வீட்டு வாசலுக்கே வந்தது. நிலைமை முற்றிய பிறகே, 2018 இல் அரசாங்கம் வரட்சியால் வாடிய மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும், வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதிக்கவும் நேர்ந்தது. 2023 ஓகஸ்டிலே மத்திய வங்கி அடைவுக் கடனுக்கு 18 வீதம், கடனட்டைக்கு 28 வீதம் என உச்சவரம்பிட்டது. வட்டிக்கு வரம்பு வைத்தால் கட்டணத்தின் வழியே அது மீண்டும் உட்புகும் என்பதை உலக அநுபவம் காட்டியுள்ளது. ஆதலாற்றான் கட்டணத்தின்மீது கண் வைக்குமாறு வற்புறுத்துகிறோம்.

சட்டம் இதில் யார் பக்கம் நிற்கிறது? 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், ஈடு வைக்கப்பட்ட காணியை நீதிமன்றத்தின் படியேறாமலே ஏலம் போடும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. அதே ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் கடன் அறவீட்டு வழக்கை விரைவுபடுத்திற்று. 2024 இல் தொழில் நொடிந்தோரின் கூக்குரலால் அவ்வேல அதிகாரம் சில மாதம் இடைநிறுத்தப்பட்டது, அவ்வளவே. வங்கிக்குச் சேரவேண்டியதைப் பெற இத்தனை வசதி. வங்கியிடமிருந்து தனக்குச் சேரவேண்டிய ஐயாயிரம் ரூபாவைப் பெறக் குடியானவனுக்கு என்ன வசதி? சட்டத்தரணிக்குக் கொடுக்கும் கூலி கோரும் தொகையை விழுங்கிவிடுமெனின், உரிமை இருந்தென்ன, இல்லாதொழிந்தென்ன?

முன்னாளில் இதற்கு ஒரு வழி இருந்தது. கோரிக்கை நீதிமன்றம் என்ற பெயரோடு யாழ்ப்பாணத்திலும் மல்லாகத்திலும் சிறு தொகை வழக்குகள் விசாரிக்கப்பட்டதை முதியோர் அறிவர். 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தோடு அவை மறைந்தன. 1918 ஆம் ஆண்டின் கடன் வழங்கல் கட்டளைச் சட்டம், கொடுமையான கடன் ஒப்பந்தத்தைத் திறந்து ஆராயும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. அந்நிய ஆட்சிக்கே தோன்றிய நியாயம் அது! 2022 இல் பாராளுமன்றம் சிறு கோரிக்கை நீதிமன்றங்களுக்கான நடவடிக்கைமுறைச் சட்டத்தை இயற்றியிருக்கிறது. அதனை வரவேற்கிறோம். எனினும் அந்நீதிமன்றம் வங்கிகள் சிறு கடனாளியை விரைவில் மடக்கும் பொறியாக மாத்திரம் பயன்படாது, சிறு கடனாளி வங்கியைக் கேள்வி கேட்கும் இடமாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்விடயத்தில் இலண்டனிலே நடந்ததை அறிந்துகொள்வது நன்று. நம் ஊரார் பலர் அங்கு குடியிருக்கின்றனராதலின் அது தொலைதூரக் கதையன்று. கணக்கில் மீதியின்றிக் காசோலை திரும்பினால் ஒரு தடவைக்கு முப்பது பவுணுக்கு மேல் அங்குள்ள வங்கிகள் அறவிட்டு வந்தன. 2006 ஏப்ரிலில், கடனட்டைத் தவணை தவறியோரிடம் 12 பவுணுக்கு மேல் தண்டம் வாங்குவது நியாயமற்றதெனக் கருதப்படும் என அந்நாட்டு நியாய வர்த்தக அலுவலகம் அறிவித்தது. அதனைக் கண்ட பொதுமக்கள், "அப்படியாயின் காசோலைத் தண்டம் மட்டும் நியாயமோ?" எனக் கேட்கத் தலைப்பட்டனர். ஆறாண்டுக் கணக்கைப் பெற்று, கூட்டிப் பார்த்து, கடிதம் எழுதி, பதில் இல்லாவிடத்து 5,000 பவுணுக்குட்பட்ட சிறு கோரிக்கையாக வழக்கிட்டனர். வழக்கறிஞர் இல்லை, படிவமும் சிறு கட்டணமுமே முதல். விசாரணை நாள் நெருங்கியதும் வங்கிகள் பெரும்பாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. தம் செலவுக் கணக்கை நீதிபதியின் முன் விரித்து வைக்க அவை விரும்பவில்லை என்றே பலரும் கருதினர். நாமும் அவ்வாறே கருதுகிறோம்.

2007 ஜூலையில் இப்பிணக்கு ஒரே பெருவழக்காயிற்று. சிறு வழக்குகள் யாவும் நிறுத்தி வைக்கப்பட்டன. 2008 இலும் 2009 பெப்ரவரியிலும் கீழ் நீதிமன்றங்கள் மக்கள் பக்கம் சாய்ந்தன. 2009 நவம்பர் 25 இல் உயர்நீதிமன்றமோ, அக்கட்டணங்கள் வங்கிச் சேவையின் விலையிற் சேர்ந்தவை, ஆகவே விலை நியாயமானதா என அச்சட்டவிதியின்கீழ் ஆராய்வதற்கில்லை எனத் தீர்த்தது. வங்கிகள் வென்றன. எனினும் அத்தோடு கதை முடியவில்லை. 2020 ஏப்ரிலில் அந்நாட்டு நிதி ஒழுங்குபடுத்தும் அதிகார சபை, அவ்வாறான தட்டையான தண்டக் கட்டணங்களையே ஒழித்து, மேலதிகப் பற்றுக்கு வட்டியை மாத்திரம் அறவிடலாம் என விதித்தது. வழக்கில் தோற்றவர்கள் விதியில் வென்றார்கள். கடனோடு திணிக்கப்பட்ட காப்புறுதிக்காக அந்நாட்டு வங்கிகள் திருப்பிச் செலுத்திய தொகையோ 38 பில்லியன் பவுணைத் தாண்டியது. 2019 ஓகஸ்ட் 29 வரை முறையிட்டோருக்கே அது கிடைத்தது. கேளாதிருந்தவருக்குக் கிட்டவில்லை.

இந்தியாவிலும் 2023 ஓகஸ்டில் ரிசேர்வ் வங்கி, தவணை தவறியவரிடம் தண்டவட்டி வாங்கி அதற்கும் வட்டி ஏற்றும் வழக்கத்தை நிறுத்தும்படி பணித்தது. தண்டம் வருமானம் பெருக்கும் வழியாகலாகாது என்பதே அதன் கருத்து.

இனி நம் நாட்டில் உள்ள வழி யாது? முதலிற் கணக்குக் கூற்றைப் பெறுதல் வேண்டும். எழுத்திலான ஒப்பந்தத்தின்மீது வழக்கிட ஆறாண்டு, எழுதப்படாததற்கு மூன்றாண்டு என்பது 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பொதுவிதி. அதனை மனத்திற்கொண்டு பின்னோக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு கழிவையும் திகதியோடு எழுதி, இது எந்த ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனைப்படி கழிக்கப்பட்டது, எப்போது எமக்கு அறிவிக்கப்பட்டது என்று கிளை முகாமையாளருக்குக் கடிதம் எழுதுக. வாய்ப்பேச்சு வேண்டாம். பிரதி ஒன்றைக் கையில் வைத்து, கடிதம் கிடைத்ததற்குத் திகதி முத்திரை பெறுக. பதிலுக்குத் தகுந்த தவணை கொடுக்குக. கோபமான சொற்களை விலக்குக. கோபம் வங்கியைச் சுடாது, எண்களே சுடும்.

பதில் வராவிடினோ, வந்த பதில் திருப்தி தராவிடினோ இரு வாயில்கள் உண்டு. ஒம்புட்ஸ்மன் எனப்படும் நிதிசார் குறைகேள் அதிகாரியின் பணி 2003 முதல் நடைபெற்று வருகிறது. முறையிடுவோர் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மத்திய வங்கியில் 2020 ஓகஸ்டில் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் அமைக்கப்பட்டது. 1935 என்பது அதன் தொலைபேசி இலக்கம். எவ்விடத்திலும் முதற்கேள்வி, "நீர் வங்கிக்கு எழுதினீரா?" என்பதாகவே இருக்கும். ஆகவேதான் திகதி முத்திரையை வற்புறுத்தினோம். இவை கைவிட்ட பின்னரே நீதிமன்றம். தொகை சிறிதாயின் வழக்கிடுமுன் செலவையும் வரவையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். வீம்புக்காக வழக்காடி வளவை விற்ற வரலாறு யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதன்று.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அச்சிட்ட பத்துப் பக்கப் பத்திரத்திலே தமிழன் தன் கையொப்பத்தை மட்டும் தமிழில் இடுகிறான். 1956 இல் ஒரு மொழிக்கே இடமளித்த நாட்டில், 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி எனக் கூறிற்று. 2023 ஓகஸ்டில் வர்த்தமானியில் வெளிவந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும், வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் அவருக்கு விளக்கமளிக்கும் கடமையை நிறுவனங்கள்மீது சுமத்தியுள்ளன. ஆகவே தமிழிற் பத்திரம் தருமாறு கேட்பது யாசகமன்று. விளங்காத பத்திரத்தில் ஒப்பமிடுவதில்லை என்று ஊரார் ஒருமித்து நின்றால், ஒரு போகத்துக்குள் தமிழ்ப் படிவம் பண்டத்தரிப்புக்கு வந்து சேரும்.

எம்மிடம் எழுப்பப்படும் தடை ஒன்றுண்டு. "முறையிட்டால் முகாமையாளர் பகைப்பார், அடுத்த போகத்துக்குக் கடன் கிடையாது" என்பது அது. இவ்வச்சத்தை எள்ளி நகையாடோம். ஒரே கிளையை நம்பி வாழும் கமக்காரனுக்கு அது மெய்யான அச்சம். அதனைத் தனியொருவன் தாங்க முடியாது. ஐம்பது பேர் ஒருங்கே கணக்கைக் கேட்டால் ஐம்பது பேரையும் பகைக்க எந்த முகாமையாளருக்கும் துணிவு வராது. வைப்பும் அடைவும் தருபவர்கள் அவர்களே. இம்மண் ஐக்கிய நாணய சங்கங்களைக் கட்டி வளர்த்த மண். வீ. வீரசிங்கம் அவர்களின் பெயர் தாங்கிய மண்டபம் யாழ் நகரிலே அதற்குச் சான்றாய் நிற்கிறது. 1961 இல் மக்கள் வங்கி தோன்றியதும் கூட்டுறவு வங்கியின் அத்திவாரத்தின் மேலேயே. கந்துவட்டிக்கு எதிராக அன்று கூடியவர்கள், கட்டணத்துக்கு எதிராக இன்று கூடுதல் புதுமையாகாது.

இங்கே படித்தவர்களின் கடமை வருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், கணக்காளர்கள் எம் ஊர்களிற் குறைவில்லை. வாரத்தில் ஒரு மாலைப்பொழுது சனசமூக நிலையத்தின் ஒரு மேசையை இதற்கு ஒதுக்குவார்களாயின், புத்தகத்தைக் கொண்டுவருவோருக்குக் கூட்டிப் பார்த்துக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். சில்லாலையிலும் மாதகலிலும் வடலியடைப்பிலும் இருந்து வருவோருக்கும் அம்மேசை பயன்படும். இளம் சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு நாள் வந்து, வழக்குக்குத் தகுந்தது எது, தகாதது எது எனப் பிரித்துரைப்பாராக.

அரசாங்கத்திடமும் மத்திய வங்கியிடமும் நாம் கோருவன பெரியனவல்ல. ஒவ்வொரு கிளையின் வாசலிலும் அறவிடப்படும் கட்டணங்கள் யாவும் தமிழிற் பெரிய எழுத்தில் தொங்கவேண்டும். கிளிநொச்சியிலுள்ள மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்தினர், பிரதேச செயலகங்களுக்கு நாள் குறித்து வந்து முறைப்பாடுகளை நேரிற் கேட்கவேண்டும். சண்டிலிப்பாயில் இருந்து கிளிநொச்சிக்குப் போய்வரும் பஸ் காசும் ஒரு நாட் கூலியும் கோரும் தொகையை மிஞ்சுமெனின் எவர் போவார்? சிறு கோரிக்கை வழக்குகள் மல்லாகத்திலே, தமிழிலே, கட்சிக்காரரே நேரில் நின்று பேசத்தக்க எளிமையோடு நடைபெற வழி செய்யவேண்டும். வலிகாமத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த அமர்விலேயே இக்கேள்வியை எழுப்பி, நீதி அமைச்சரிடம் திகதியிட்ட விடை பெற்றுவருதல் வேண்டும்.