நுரையீரலில் நோய், கல்லீரலில் சோதனை ஏன்?

நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை செய்ய நாள் குறித்த மருத்துவர், கல்லீரலுக்கும் இரத்தச் சோதனை எழுதுவார். அச்சன்புதூரிலும் தென்காசியிலும் வாழும் நம் குடும்பத்தார் உடனே, நோய் ஈரலுக்கும் பரவிற்றோ எனக் கலங்குவர். சோதனை எழுதியதாலேயே அவ்வாறு பொருளாகாது. அறுவைக்கு முன் இது வழக்கமே.

ஆல்புமின் என்னும் புரதத்தைக் கல்லீரலே ஆக்குகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தநீரில் அது ஏறத்தாழ 3.5 முதல் 5 கிராம் வரை இருத்தல் வேண்டும். அது குறைந்தவர்க்கு நுரையீரல் அறுவைக்குப்பின் இடர்கள் மிகுதி என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆல்புமினையும் பிலிருபினையும் சேர்த்துக் கணிக்கும் முறை 2015-இல் கல்லீரல் புற்றுநோயாளர்க்கென வகுக்கப்பட்டது; பின்னர் நுரையீரல் அறுவைக்கும் அதனைப் பொருத்தி ஆராய்ந்தனர். எனினும் இவ்வெண்கள் எச்சரிக்கையே, தீர்ப்பு அல்ல. ஊட்டக்குறையாலும் ஆல்புமின் குறையும்.

ஆகவே குடிப்பழக்கம், புகை, உண்ணும் நாட்டு மருந்து ஆகிய எதனையும் மானம் கருதி மருத்துவரிடம் மறைத்தல் ஆகாது. நாள்தோறும் குடித்தவர் அறுவைக்கென மருத்துவமனையில் திடீரென நிறுத்த நேர்ந்தால், நடுக்கமும் மனக்குழப்பமும் உண்டாகி உயிருக்கே ஊறு விளையலாம். முன்னரே அறிந்தால் மருத்துவர் காப்பார்.

மருத்துவரை மதிக்கச் சீராக் ஞானநூலின் 38-ஆம் அதிகாரம் நம்மைப் பணிக்கிறது. அவரிடம் உண்மை உரைப்பதே அம்மதிப்பின் முதற்படி. செபமாலையோடு இந்த உண்மையையும் நாம் உடன் கொண்டுசெல்வோமாக.