தாத்தாவின் துப்பாக்கிக்கு பிளாஸ்டிக் கட்டை எதற்கு?

ஸ்டாக் என்றதும் பி.காம். படிப்பவர்களுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று பங்குச் சந்தை. இன்னொன்று குடோனில் கிடக்கும் சரக்கு. துப்பாக்கிக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு ஸ்டாக் உண்டு. குழலையும் விசையையும் தாங்கிப் பிடித்து, தோளில் பதியும்படி செதுக்கிய கட்டைக்குத்தான் அந்தப் பெயர். பழைய வேட்டைத் துப்பாக்கி என்றால் அது பெரும்பாலும் வால்நட் மரமாக இருக்கும்.

இந்த மரக்கட்டையைக் கழற்றிவிட்டு நைலான், ஃபைபர்கிளாஸ், கார்பன் ஃபைபர் என்று எடை குறைந்த கட்டையைப் பொருத்துவது வெளிநாடுகளில் வெகுநாளாக நடக்கிறது. வீடியோக்களில் நாலு திருகைக் கழற்றி, நாலு திருகை முடுக்கி, "அவ்வளவுதான்" என்று சிரிக்கிறார்கள். அதைப் பார்த்தால், உரிமத்தோடு ஒரு பழைய ரைஃபிள் இருக்கிற நம்மூர் வீட்டுப் பையன்களுக்கும் கை அரிக்கத்தானே செய்யும்?

செய்யலாமா? இங்கே பெரும்பாலானவர்கள் செய்யக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. அதற்கு முன்னால் எதிர்க்கட்சியின் நியாயத்தையும் கேட்டுவிடுவோம்.

மரம் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீட்டு மரக்கதவு உப்பிக்கொண்டு சாத்த வராமல் அடம் பிடிக்குமே, அதே குணம்தான் துப்பாக்கிக் கட்டைக்கும். முன்கட்டை உப்பினால் குழலின் மேல் ஒரு பக்கமாக அழுத்தும். அழுத்தினால் நேற்று வட்டத்தின் நடுவில் பட்ட குண்டு இன்று தள்ளிப் படும். நல்ல செயற்கைக் கட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. எடையிலும் லாபம் உண்டு. ஒரு கிலோ மரக்கட்டை இருந்த இடத்தில் நல்ல ஃபைபர் கட்டை அரைக் கிலோ, முக்கால் கிலோவில் முடிந்துவிடும்.

இது நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை. அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனி 1959-லேயே டூபாண்ட் நைலானில் கட்டை செய்து 'நைலான் 66' என்ற சிறிய ரைஃபிளை விற்றது. "பிளாஸ்டிக் துப்பாக்கியா?" என்று கேலி செய்தவர்கள் வாயடைக்க, அது பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. நம் நாட்டிலும் மரக்கட்டை போட்ட எஸ்.எல்.ஆர். போய் பிளாஸ்டிக் உடம்போடு இன்சாஸ் வந்தது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் அது சரியான மாற்றம்தான். மழையிலும் பனியிலும் தினமும் தூக்கிச் சுமப்பவர்கள் அவர்கள்.

ஆனால் பிளாஸ்டிக் என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. 1999 கார்கில் போரில் இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின் குளிரில் விரிசல் விட்டதாகச் செய்திகள் வந்தன. மலிவான வார்ப்புக் கட்டையும் உழைத்துச் செய்த ஃபைபர் கட்டையும் ஒன்றல்ல. கறுப்பாக இருப்பதெல்லாம் நிலக்கரி இல்லை என்று நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

சரி, இப்போது எடைக் கணக்குக்கு வருவோம். லாபம் என்று ஒரு பக்கம் எழுதினால், செலவை இன்னொரு பக்கம் எழுத வேண்டும். குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பத்தாம் வகுப்பு நியூட்டன்தான். அதே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதையின் ஆற்றல் கூடும். 4 கிலோ ரைஃபிளை 3.5 கிலோ ஆக்கினால் உதை சுமார் 14 சதவீதம் அதிகம். அரைக் கிலோவை இறக்கி வைத்த தோளே அந்த உதையையும் வாங்க வேண்டும்.

கென்னத் ஆண்டர்சனை வாசித்தவர்களுக்கு அவருடைய .405 வின்செஸ்டர் தெரிந்திருக்கும். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜவளகிரிப் பக்கமெல்லாம் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அவர் அலைந்தது அந்தத் துப்பாக்கியோடுதான். அந்த ரகம் தோளை உதைப்பதற்குப் பேர்போனது. அதன் எடையை இன்னும் குறைக்கச் சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

குறி பார்த்துச் சுடுகிற விளையாட்டையே பாருங்கள். கடலூரில் பிறந்து, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போன இளவேனில் வாலறிவன் சுடுகிற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் துப்பாக்கி 5.5 கிலோவரை இருக்கலாம். அந்த விளையாட்டில் எடைத் துண்டுகளை மாட்டிக் கூட்டுகிறவர்களும் உண்டு. கனமான துப்பாக்கி கையில் ஆடாது. ஆகவே எடை என்றாலே எதிரி என்று நினைப்பது தப்பு.

அடுத்தது பொருத்துகிற வேலை. கட்டைக்குள் இரும்பு உட்காரும் இடத்தில் நூலிழை இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி உள்ளுக்குள் நகரும். பழைய துப்பாக்கிகள் கையால் இழைத்துப் பொருத்தப்பட்டவை. அச்சில் வார்த்த கட்டை அப்படியே வந்து உட்காராது. பல சமயம் உள்ளே எபாக்சி ஊற்றி, அந்தத் துப்பாக்கிக்கென்றே படுக்கை அமைக்க வேண்டியிருக்கும். லீ என்ஃபீல்டு வகை என்றால் இன்னும் சிக்கல். அதற்கு முன்கட்டை வேறு, பின்கட்டை வேறு. மேற்கு வங்கத்தில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்த .315 ரைஃபிளும் அந்த வம்சம்தான். வீடியோவில் வரும் நாலு திருகுக் கதை இங்கே நடக்காது. துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால் பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்கும் கொண்டுபோக முடியாது.

இதெல்லாம் கூட சமாளிக்கலாம். ஆனால் முக்கியமான கேள்வி வேறு. எடையைக் குறைத்து எங்கே தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியும் அடைபட்டது. அது நல்லதற்குத்தான். ஆக, நம்மூரில் ஒரு பழைய வேட்டை ரைஃபிள் இன்று பயணிக்கிற தூரம் பெரும்பாலும் பீரோவிலிருந்து போலீஸ் ஸ்டேஷன்வரை. தேர்தல் வந்தால் ஒப்படைக்க ஒரு நடை, முடிந்தால் திரும்ப வாங்க ஒரு நடை. அதற்கு எதற்கு கார்பன் ஃபைபர்?

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கேரளாவில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி தரும் அதிகாரம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். ராத்திரியில், மழையில், சேற்றில் நடக்கிற அவர்கள் செயற்கைக் கட்டை கேட்டால் அது நியாயம். அந்தத் துப்பாக்கிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

வேலை என்றதும் நெய்வேலி முதலாம் அனல்மின் நிலையம் நினைவுக்கு வரும். 1962-ல் ஓட ஆரம்பித்து, 600 மெகாவாட்வரை வளர்ந்து, 2020-ல் நிறுத்தப்பட்டது. ஓடுகிறவரை தேய்ந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டியாக வேண்டும். யூனிட் கணக்கில் மின்சாரம் வந்தாக வேண்டுமே! ஓடுகிற இயந்திரத்தின் தர்மம் அது. ஓய்வு பெற்றுவிட்ட பொருளுக்குத் தர்மம் வேறு. அங்கே பாகம் மாற்றினால் லாபம் எதுவும் கூடாது. அதன் கதைதான் குறையும்.

கதை குறையும் என்பது வெறும் சென்டிமென்ட் இல்லை. ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் சுட்டு வீழ்த்தியதற்காக அன்றைய ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஹியூவெட் பரிசளித்தது. அந்தச் செய்தியைச் சொல்லும் வெள்ளித் தகடு எங்கே இருக்கிறது? இரும்பில் இல்லை, மரக்கட்டையில். கார்பெட்டுக்குப் பிறகு அது அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்திடம் இருந்தது. 2015-ல் செய்த கம்பெனியிடமே போய்ச் சேர்ந்தது. நடுவில் யாராவது "கனமாக இருக்கிறதே" என்று கட்டையை மாற்றியிருந்தால்? எண் வெட்டிய இரும்பு மிஞ்சியிருக்கும், கார்பெட்டின் கன்னம் பட்ட மரம் போயிருக்கும்.

எல்லார் வீட்டிலும் கார்பெட் இல்லைதான். ஆனால் எல்லார் வீட்டிலும் ஒரு தாத்தா உண்டு. அவர் கன்னம் பட்டு வழவழப்பான இடம், ஜீப்பில் இடித்த வடு, வேர்வையில் கறுத்த பிடி எல்லாம் அந்தக் கட்டையில்தான் இருக்கின்றன. உரிமத்தில் ஏறுவது இரும்பின் எண். மனிதர் பதிந்திருப்பது மரத்தில். 2019 சட்டத் திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்ததற்கும் அதே கணக்குதான். ஒன்றை விட்டுக்கொடுத்து ஒன்றை வைத்திருக்கிற குடும்பங்கள், மிஞ்சியதையாவது அது இருக்கிறபடி வைத்திருக்கலாமே?

மரம் பழுதாகியிருந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து உட்புறத்தை ஈரம் ஏறாமல் அடைக்கச் சொல்லலாம். விரிசலை எபாக்சியால் ஒட்டலாம். வெளியே ஆளிவிதை எண்ணெய் தேய்க்கலாம். உதைத்தால் பின்முனையில் ரப்பர் பேட். கனத்தால் அகலமான தோள்வார். ரேஞ்சுக்குப் போய்ச் சுடுகிறவர்கள் செயற்கைக் கட்டைதான் வேண்டும் என்று நின்றால், மாட்டிக்கொள்ளட்டும். ஆனால் பழைய கட்டையை அறுக்காமல், விற்காமல், துணியில் சுற்றிப் பரண்மேல் வைக்கட்டும். பின்னால் வரும் பேரன் ஒருநாள் அதைத் தேடுவான்.

கணக்கில் தேய்மானம் எழுதி எழுதி ஒரு பொருளின் மதிப்பைப் பூஜ்யம் ஆக்கிவிடலாம். அந்த மரக்கட்டையை எந்த வருஷம், எத்தனை சதவீதம் என்று தேய்ப்பது? கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பையன்கள் இதற்கு ஒரு பதில் சொல்லிப் பார்க்கட்டும்.