மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஒரே மாத்திரை: பழைய சீட்டைக் காட்டி வாங்கினால் என்ன ஆபத்து?

"அண்ணே, போன மாசம் வாங்கினேனே, அதே மாத்திரை ரெண்டு அட்டை குடுங்க."

மெடிக்கல் ஷாப்பில் இந்தக் குரலை நாம் எல்லோருமே கேட்டிருப்போம். சுகர், பிரஷர் மாத்திரையையே இப்படி டாக்டரைப் பார்க்காமல் தொடர்ந்து வாங்கக் கூடாது. அந்த அட்டையில் இருப்பது மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து என்றால் சிக்கல் இன்னும் பெரிது. காரணம், அதில் இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்று மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியது. இன்னொன்று சில வாரங்களில் நிறுத்த வேண்டியது!

இது என்ன மருந்து? ஏன் தருகிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

இரண்டும் ஏன் சேர்ந்தே வருகிறது?

எதிலும் ஆர்வமில்லை, அழுகை வருகிறது, படுக்கையை விட்டு எழவே மனசில்லை. இவை மனச்சோர்வின் அறிகுறிகள். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், 'ஏதோ கெட்டது நடக்கப் போகுது' என்ற பயம். இவை பதற்றத்தின் அறிகுறிகள். நடைமுறையில் இரண்டும் தனித்தனியாக வருவதைவிட ஒரே ஆளிடம் கலந்து வருவது சகஜம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் சுமார் 20 பேரில் ஒருவர் என்றும், அவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சையே எடுக்கவில்லை என்றும் அதில் தெரியவந்தது.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

இந்தியாவில் பரவலாக விற்கும் கூட்டு மருந்துகளில் ஒன்று, எஸ்சிடலோபிராம் + குளோனசெபம். பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கின்றன.

எஸ்சிடலோபிராம், மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கூடுதல் நேரம் வேலை செய்ய உதவுகிறது. மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்குமே இது ஒன்றே மருந்து. ஆனால் உடனே கேட்காது. பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகலாம். முதல் சில நாட்களில் சிலருக்குப் படபடப்பு கூடவும் செய்யும். "மாத்திரை போட்டும் ஒண்ணும் ஆகலையே" என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

குளோனசெபம், பென்சோடயசெபைன் வகை மருந்து. சாப்பிட்ட அன்றே படபடப்பு அடங்கும், தூக்கம் வரும். முதல் மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை நோயாளியைத் தாங்கிப் பிடிக்கத்தான் இதைச் சேர்க்கிறார்கள்.

ஆய்வு என்ன சொல்கிறது?

731 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2019இல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. மனச்சோர்வு மருந்தை மட்டும் சாப்பிட்டவர்களைவிட, பென்சோடயசெபைனும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு முதல் 4 வாரங்களில் கூடுதல் முன்னேற்றம் இருந்தது. அதற்குப் பிறகு? இரு தரப்புக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை.

அதாவது, ஆரம்பத்தில் சேர்த்துத் தருவதற்கு நியாயம் இருக்கிறது. வருஷக்கணக்கில் தொடர்வதற்கு இல்லை.

அப்படின்னா சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், பழக்கம். பென்சோடயசெபைனைத் தொடர்ந்து எடுத்தால் உடல் அதற்குப் பழகிவிடும். அமெரிக்காவின் எஃப்டிஏ, 2020 செப்டம்பரில் இந்த வகை மருந்துகள் அனைத்துக்கும் உச்சபட்ச எச்சரிக்கையை விரிவுபடுத்தியது. தவறான பயன்பாடு, அடிமைத்தனம், திடீரென நிறுத்தினால் வரும் பாதிப்பு ஆகியவற்றை அது குறிப்பிட்டது. சட்டென்று நிறுத்திட்டா தூக்கம் கெடும், நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம்.

இரண்டாவது சிக்கல், அளவு. ஒரு மாத்திரையில் எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம், குளோனசெபம் 0.5 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மனச்சோர்வு குறையவில்லை, முதல் மருந்தை 20 ஆக்க வேண்டும். இரண்டு மாத்திரை போட்டால் தேவையே இல்லாமல் குளோனசெபமும் இரட்டிப்பாகிவிடும். மறுபக்கம், குளோனசெபத்தை மட்டும் படிப்படியாகக் குறைக்க நினைத்தாலும் முடியாது. மாத்திரையைப் பாதியாக உடைத்தால் இரண்டுமே பாதியாகும். ஆகவே குறைக்க வேண்டிய நேரத்தில் டாக்டர்கள் இரண்டையும் தனித்தனி மாத்திரையாக மாற்றித் தருவார்கள். பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு அந்த நேரமே வராது.

மூன்றாவது, அன்றாட ஆபத்து. குளோனசெபம் உடலில் நீண்ட நேரம் தங்கும். மறுநாள் காலை பைக் ஓட்டும்போதும் மந்தம் இருக்கலாம். வயதானவர்கள் தடுமாறி விழுந்தால் எலும்பு முறியும். இதோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அரசு என்ன செய்தது?

கூட்டு மருந்துகள் பற்றிய சர்ச்சை இந்தியாவில் புதிதல்ல. ஃப்ளூபென்டிக்சால் + மெலிட்ரசென் என்ற இன்னொரு மனநலக் கூட்டு மருந்தை, 2012இல் நாடாளுமன்ற நிலைக்குழு கேள்விக்குள்ளாக்கியது. அதைத் தயாரித்த நிறுவனத்தின் தாய்நாடான டென்மார்க்கிலேயே விற்பனைக்கு அனுமதி இல்லாதபோது இங்கே எப்படி அனுமதி கிடைத்தது என்பதே கேள்வி. 2013 ஜூனில் மத்திய அரசு அதன் விற்பனையை நிறுத்திவைக்க, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

பிறகு பல்வேறு நோய்களுக்கான கூட்டு மருந்துகளில் 2016 மார்ச்சில் 344க்கும், 2024 ஆகஸ்டில் 156க்கும் மத்திய அரசு தடை அறிவித்தது.

விற்பனைக்கும் விதி உண்டு. குளோனசெபம், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அதே வகையைச் சேர்ந்த அல்பிரசோலம், டயசெபம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் உள்ளன. இவற்றை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. கவுன்டரில் அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

இப்போதே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்யணும்?

- இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும்.
- "இதில் எத்தனை மருந்து இருக்கு? எது எத்தனை நாளைக்கு?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.
- நன்றாக இருக்கிறது என்று மனச்சோர்வு மருந்தைப் பாதியில் விடாதீர்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வது வழக்கம்.
- 25 வயதுக்குட்பட்டவர்களை, மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் வீட்டார் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தற்கொலை எண்ணம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.
- கர்ப்பம், மதுப் பழக்கம், வேறு மாத்திரைகள் எதையும் மறைக்காதீர்கள்.

மாத்திரை மட்டுமே வழி என்றும் இல்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சை, இரண்டு பிரச்சினைகளுக்கும் பலன் தருவது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை போடுவதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. ஆனால் உங்கள் அட்டையில் எத்தனை மருந்து இருக்கிறது, அதில் எது எப்போது நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.