மாணவர் தொகுப்பு மாணவர் கையில் இருக்கட்டும்

மாணவர் தாம் செய்த வேலைகளில் சிலவற்றைத் தாமே தேர்ந்தெடுத்து, அவற்றைச் செய்த விதத்தையும் எழுதிக் கணினியில் சேர்த்து வைப்பதே டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ எனப்படும் மின்தொகுப்பு. கட்டுரை, ஓவியம், சோதனைக் குறிப்பு, ஸ்க்ராட்ச் நிரல், மேடைப் பேச்சின் ஒலிப்பதிவு என எதுவும் அதில் இடம்பெறலாம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மாணவர் முன்னேற்ற அட்டையில் செயல்திட்டம், குழுப்பணி ஆகியவற்றோடு இத்தகைய தொகுப்புகளும் இடம்பெற வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டுக்கும் இந்த யோசனை அந்நியமானதன்று. தேர்வறைக்கு வெளியே மாணவர் செய்வதையும் மதிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 2012-13-இல் இங்கு முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. அரசுப் பள்ளிகள் மின்தொகுப்பைத் தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு மதிப்பெண் போடக் கூடாது.

தொடர் மதிப்பீட்டின் அனுபவமே இதற்கு முதல் காரணம். வகுப்புச் செயல்பாடுகளைப் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் பிரிக்கப்பட்டதும், வளரறி செயல்பாடுகள் மதிப்பெண் வாங்கும் வழியாயின. ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய சார்ட்டும், வீட்டில் பெரியவர்கள் செய்து கொடுத்த மாதிரியும் வகுப்புக்கு வந்தன. பிள்ளை என்ன கற்றது என்பதற்குச் சான்றாக வேண்டிய வேலை, கட்டத்தை நிரப்பும் சடங்காயிற்று. மின்தொகுப்புக்கும் மதிப்பெண் வைத்தால், அதே சார்ட் பிடிஎஃப் ஆக மாறி வரும்.

இரண்டாவது காரணம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கு 1990-களின் தொடக்கத்தில் நான்காம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணிதத்திலும் எழுத்திலும் மாணவர் தொகுப்புகளை மாநில அளவிலான மதிப்பீடாக்கினார்கள். அவை அன்று காகிதக் கோப்புகள். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அந்தத் திட்டத்தை ஆராய்ந்தபோது, ஒரே தொகுப்பைத் திருத்திய இரு ஆசிரியர்களின் மதிப்பீடுகள் போதிய அளவு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. பள்ளிகளை ஒப்பிட அந்த மதிப்பெண் உதவவில்லை. அதே சமயம், தொகுப்பு வந்த பிறகு கணக்குகளுக்கு வழி கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு வகுப்பில் கூடுதல் நேரம் கிடைத்ததாக ஆசிரியர்கள் சொன்னார்கள். தங்கள் வேலைச்சுமை ஏறியதையும் சொன்னார்கள். கற்பித்தலுக்கு உதவிய கருவி தரவரிசைக்கு உதவவில்லை என்பதே அதன் பாடம்.

மதிப்பெண் இல்லாவிட்டால் யார் அக்கறை காட்டுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. பார்வையாளர் இருந்தால் அக்கறை வரும் என்பதே அதற்குப் பதில். பருவத்துக்கு ஒருமுறை பெற்றோரையும் வகுப்புத் தோழரையும் வைத்துக்கொண்டு மாணவர் தம் தொகுப்பைத் திறந்து விளக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தையும் அதற்குப் பயன்படுத்தலாம். இப்படி நேரில் விளக்க வைப்பது, செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் கட்டுரை எழுதித் தரும் இந்தக் காலத்துக்கும் பொருந்தும். தாமே செய்த வேலையைப் பற்றி நாலு கேள்வி கேட்டால் பதில் வரும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதைப் பற்றிக் கேட்டால் வராது.

தொகுப்பின் தரம் அதன் பருமனில் இல்லை. ஆண்டு முழுவதும் செய்ததையெல்லாம் ஏற்றினால் அது வெறும் கிடங்கு. பாடத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். ஒவ்வொன்றோடும் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: இதை ஏன் தேர்ந்தெடுத்தேன், எங்கே தடுமாறினேன், மறுபடி செய்தால் எதை மாற்றுவேன். முடிந்த படைப்போடு முதல் வரைவும் இருக்க வேண்டும். ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்த எட்டாம் வகுப்பு மாணவி, வரைபடத்தை மட்டும் வைத்தால் அது அழகான படம். ஒரு மாதம் அளவு பிசகியதையும் அதைக் கண்டுபிடித்த விதத்தையும் எழுதினால், அவர் அறிவியல் செய்திருக்கிறார் என்று பார்ப்பவருக்குப் புரியும். வகுப்பிலேயே சிறந்த ஓவியங்களை மட்டும் சுவரில் மாட்டும் பழக்கத்திலிருந்து மின்தொகுப்பு வேறுபடுவது இங்கேதான்.

இதற்கு விலையுயர்ந்த செயலி தேவையில்லை. நோட்டில் எழுதியதை ஆசிரியரின் கைபேசியில் படமெடுத்தாலும், பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் மாணவர் பெயரில் ஒரு கோப்புறை இருந்தாலும் தொடங்கிவிடலாம். வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் குடும்பங்கள் ஏராளம். ஆகவே தொகுக்கும் வேலை பள்ளி நேரத்திலேயே, அதற்கென ஒதுக்கிய பாடவேளையில் நடக்க வேண்டும். பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் தரவு ஏற்றியே களைத்துப்போன ஆசிரியர்கள் மீது இன்னொரு பதிவேற்றக் கடமையைச் சுமத்தவும் கூடாது. ஏற்றுவது மாணவர் வேலை. ஆசிரியர் படித்துக் கருத்து எழுதினால் போதும்.

பத்து ஆண்டு கழித்தும் கோப்பு திறக்க வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி 2020 இறுதியில் நிறுத்தியதும், அதில் செய்த எத்தனையோ பாடங்களும் விளையாட்டுகளும் உலாவிகளில் ஓடாமல் போயின. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரிவதும் பலர் கண்டதே. பிடிஎஃப், ஜேபெக், எம்பி3 போன்ற பொதுவான வடிவங்களும், தமிழுக்கு யூனிகோடும் கட்டாயமாக வேண்டும். பள்ளியை விட்டுப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு தொகுப்பின் முழுப் பிரதியும் மாணவர் கையில் சேர வேண்டும்.

பாதுகாப்பு இன்னும் கவனம் கோருகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொது விதியாக்குகிறது. மாணவியின் படம், ஊர், பள்ளி ஆகியவை ஒரே பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தால் அது சாதனைப் பக்கம் ஆகாது, ஆபத்து ஆகும். தொகுப்பு மூடியே இருக்க வேண்டும். எதை, யாருக்குத் திறப்பது என்பதை மாணவரும் பெற்றோரும் முடிவு செய்ய வேண்டும். சேர்க்கை விளம்பரத்துக்காக மாணவர் படைப்புகளைப் பள்ளிகள் எடுத்துப் போடுவதற்கும் இதே ஒப்புதல் தேவை.

பள்ளிக் கல்வித் துறை வரும் கல்வியாண்டில் மாவட்டத்துக்குச் சில பள்ளிகளில், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை இதைத் தொடங்கலாம். பொதுத்தேர்வு நெருக்கடி இல்லாத வகுப்புகள் அவை. வாரம் ஒரு பாடவேளை, பருவத்துக்கு ஒரு விளக்கக் கூட்டம், மதிப்பெண் இல்லை, வெளியிடும் உரிமை மாணவருக்கும் பெற்றோருக்குமே என்ற நான்கு விதிகளை அரசாணையில் எழுதிவிட வேண்டும். இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும், மின்தொகுப்பு பள்ளிகள் நிரப்பி அனுப்பும் மற்றொரு படிவமாகவே முடியும்.